பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுச் சுற்றுலா: டிக்கெட் போடும் முன் போட வேண்டிய கணக்கு

2021 நவம்பர் 29 அன்று சென்னை, டெல்லி, மும்பை ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் சிங்கப்பூருக்கு ‘விடிஎல்’ என்ற பயணப் பாதை திறந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டுமான விமானங்கள் அவை. ஒன்றரை வருடத்துக்கும் மேலாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியிருந்த நாடு. கிளம்பும் முன் 48 மணி நேரத்துக்குள் ஒரு பரிசோதனை, அங்கே சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் இன்னொன்று, முடிவு வரும்வரை அறையில் இருக்க வேண்டும், அப்புறம் ஊர் சுற்றலாம். விதி தெளிவாக இருந்தது. பலர் டிக்கெட் போட்டார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 26 அன்று, உலக சுகாதார நிறுவனம் புதிய திரிபு ஒன்றுக்கு ஓமிக்ரான் என்று பெயர் வைத்திருந்தது. 28-ஆம் தேதி இந்தியா புது விதிகளை அறிவித்தது. டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘ஆபத்துள்ள நாடுகள்’ பட்டியலில் சிங்கப்பூரும் இருந்தது. அங்கிருந்து திரும்பியவர்கள் விமான நிலையத்திலேயே மாதிரி கொடுத்து, முடிவு வரும்வரை காத்திருந்து, 7 நாள் வீட்டில் தனித்திருந்து, எட்டாம் நாள் மறுபடி பரிசோதிக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் 6 நள்ளிரவிலிருந்து சிங்கப்பூரும் தன் பங்குக்கு விடிஎல் பயணிகள் ஏழு நாளும் தினம் பரிசோதனை செய்ய வேண்டும் என்றது. டிசம்பர் 23 முதல் டிக்கெட் விற்பனையே நின்றது. திறந்த 24 நாளில் இத்தனை.

கிளம்பிய அன்று அவர்கள் போட்ட திட்டத்தில் ஒரு பிழையும் கிடையாது. திரும்பிய அன்று அது செல்லாமல் போயிருந்தது. அதனால்தான் இந்த வழிகாட்டி போகும் வழியைவிடத் திரும்பும் வழியைப் பற்றி அதிகம் பேசுகிறது. கோவிட் காலத்தில் நடந்தவற்றை உதாரணமாக எடுத்திருக்கிறோம். அடுத்த தொற்று எதுவாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை இதேதான்.

படி 1: கூடுதலாக 14 நாள் மாட்டிக்கொண்டால் தாங்குமா?

விசா, டிக்கெட், ஹோட்டல் எதையும் பார்க்கும் முன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். 5 நாள் பயணம் 19 நாளாக நீண்டால் என்ன ஆகும்? ஆபீஸில் லீவு கிடைக்குமா, இல்லை சம்பளம் பிடிப்பார்களா? வீட்டில் விட்டுவிட்டுப் போகும் பெரியவரை யார் பார்ப்பார்கள்? பிள்ளைக்குப் பொதுத்தேர்வு இருக்கிறதா? கூட வருகிறவர்களில் இன்சுலின் போடுகிறவர், டயாலிசிஸ் செய்கிறவர், கர்ப்பிணி யாராவது உண்டா?

குடும்பத்தில் மிகவும் பலவீனமானவரை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு மூன்று நாள் காய்ச்சலோடு போவது, 66 வயதில் சர்க்கரை நோயோடு இருக்கும் அம்மாவுக்கு வெளிநாட்டு ஐசியூவாக முடியலாம். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனாலும் கேள்வி முடிந்துவிடாது. நீங்கள் திரும்பி வருவது அவர் இருக்கும் வீட்டுக்குத்தான்.

பிள்ளைகளின் வயதைத் தனியாகப் பாருங்கள். சிங்கப்பூர் விடிஎல் விதியில் 12 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி கட்டாயமாக இருந்தது. இந்தியாவிலோ 15 முதல் 18 வயதினருக்கு 2022 ஜனவரி 3-இல்தான் ஊசி தொடங்கியது, 12 முதல் 14 வயதினருக்கு மார்ச் 16-இல். அந்த டிசம்பரில் 14 வயதுப் பையன் இருந்த குடும்பம் எவ்வளவு செலவு செய்யத் தயாராக இருந்தாலும் அவனை அழைத்துப் போக வழியே இல்லை. நாட்டின் விதியும் நம் ஊர் ஊசி அட்டவணையும் பொருந்தாத இடம் இது. விளம்பரத்தில் ‘குடும்பத்தோடு வாருங்கள்’ என்றுதான் போட்டிருக்கும்.

இந்தப் படியிலேயே ‘தாங்காது’ என்று பதில் வந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். மற்றப் படிகள் எல்லாம் பணத்தையும் காகிதத்தையும் பற்றியவை. இந்தப் பதிலை அவற்றால் மாற்ற முடியாது.

படி 2: நான்கு வாசல்களையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள்

ஒரு பயணத்துக்கு நான்கு வாசல்கள்: இங்கிருந்து வெளியேறுவது, வழியில் விமானம் மாறுவது, அந்த நாட்டுக்குள் நுழைவது, திரும்பி நம் நாட்டுக்குள் நுழைவது. பெரும்பாலானவர்கள் மூன்றாவதை மட்டும் பார்க்கிறார்கள்.

ஒரு நோட்டுத் தாளில் நான்கு வரிசை போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன விதி, எந்தத் தேதியில் வெளியானது, என்ன காகிதம் வேண்டும், எந்த அரசு இணையதளத்தில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். தேதி முக்கியம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலிலும் டிராவல் ஏஜென்ட் அனுப்பும் படத்திலும் பெரும்பாலும் தேதி இருக்காது. செக்-இன் கவுண்டரில் உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று பார்க்கும் ஊழியர் அந்தப் படத்தைப் பார்க்கப் போவதில்லை. ‘டிமேட்டிக்’ என்ற தரவுத் தளத்தில் அன்றைய விதியைப் பார்ப்பார். காகிதம் சரியில்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் அபராதமும் திருப்பி அழைத்து வரும் பொறுப்பும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், சந்தேகம் வந்தால் இறக்கிவிடத்தான் செய்வார்கள்.

முதல் வாசல்: இந்தியாவிலிருந்து வழக்கமான சர்வதேசப் பயணிகள் விமானங்கள் 2020 மார்ச்சில் நின்றன, 2022 மார்ச் 27-இல்தான் மீண்டும் தொடங்கின. நடுவில் ‘ஏர் பபிள்’ என்ற இருநாட்டு ஒப்பந்தத்தின் கீழ்தான் விமானங்கள் பறந்தன. அவற்றில் யார் ஏறலாம், எந்த ஊர் வரை போகலாம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறு. 2021 டிசம்பர் 15 முதல் வழக்கமான விமானங்கள் ஓடும் என்று நவம்பர் 26 அன்று அரசு அறிவித்தது. டிசம்பர் 1 அன்று அதைத் தள்ளி வைத்தது. இடைப்பட்ட ஐந்து நாளில் அவசரப்பட்டு டிக்கெட் போட்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வாசலில் ஒரு குழி இருக்கிறது. விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டால், அதாவது இரண்டு பிஎன்ஆர் (முன்பதிவு எண்) இருந்தால், நடுவில் இருக்கும் நாட்டில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்குக் குடிநுழைவுச் சோதனையைத் (இமிகிரேஷன்) தாண்டியாக வேண்டும். கோலாலம்பூரில் ஒரு முனையத்தில் இறங்கி இன்னொரு முனையத்தில் ஏறுவதும் இப்படித்தான். சாதாரண நாளில் அது ஒரு மணி நேர அலைச்சல். எல்லை மூடியிருக்கும் நாளில் அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி இல்லாதவர் சென்னையிலேயே விமானம் ஏற முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் நேர் விமானம், முடியாவிட்டால் ஒரே பிஎன்ஆரில் இணைப்பு விமானம். வேறு வழியைப் பார்க்கவே வேண்டாம்.

மூன்றாவது வாசலில், எந்த நாட்டுக் குடிமகன் என்பதைவிடக் கடந்த 14 நாளில் எங்கே இருந்தீர்கள் என்பதைத்தான் பல நாடுகள் பார்த்தன. ‘தனிமைப்படுத்தல் இல்லை’ என்று படித்தால் யாருக்கு, எங்கிருந்து வருகிறவருக்கு என்று அடுத்த வரியையும் படியுங்கள். மாலத்தீவு 2020 ஜூலை 15-லேயே எல்லா நாட்டவருக்கும் கதவைத் திறந்தது. இந்தியாவின் இரண்டாம் அலையில், 2021 மே 13 முதல் தெற்காசியாவிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் மூடி, ஜூலை 15-இல்தான் மறுபடி திறந்தது.

நான்காவது வாசல் நம் சொந்த வீட்டு வாசல். அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் முடிவை இந்திய அரசின் ‘ஏர் சுவிதா’ தளத்தில் பதிவேற்றாமல் பல மாதங்கள் இந்தியாவுக்கு விமானம் ஏற முடியவில்லை. புறப்படும் நாளுக்கு முந்தைய இரண்டு நாள் சனி, ஞாயிறாகவோ புத்தாண்டு விடுமுறையாகவோ இருந்தால் அந்த ஊரில் எந்த லேப் திறந்திருக்கும், எத்தனை மணி நேரத்தில் முடிவு தருவார்கள் என்பதை இங்கிருந்து கிளம்பும் முன்பே கேட்டு, முடிந்தால் நேரமும் பதிவு செய்துவிடுங்கள்.

படி 3: ஊசியும் பெயரும்

‘ரெண்டு டோஸும் போட்டாச்சு’ என்பது போதாது. எந்த ஊசி, கடைசி டோஸ் போட்டு எத்தனை நாள், அந்த நாடு அதை ஏற்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகால அங்கீகாரம் 2021 நவம்பர் 3-இல்தான் கிடைத்தது. அதுவரை அதைப் போட்டவர்களைப் பல நாடுகள் ஊசி போடாதவர்களாகவே நடத்தின. கோவிஷீல்டு போட்டவர்களுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை: 2021 அக்டோபர் 4 முதல் அமலான பிரிட்டன் விதியில் இந்தியாவில் ஊசி போட்டவர்கள் தனிமைப்படுத்தலுக்கு உட்பட வேண்டியிருந்தது, இந்தியாவும் பதிலுக்கு அங்கிருந்து வருகிற பிரிட்டன் குடிமக்களுக்கு 10 நாள் தனிமை விதித்தது, ஒரு வாரம் கழித்து 11-ஆம் தேதிதான் தளர்ந்தது.

நாள் கணக்கையும் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து கோவிஷீல்டின் இரண்டு டோஸுக்கு நடுவே குறைந்தது 84 நாள் இருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் டோஸுக்குப் பிறகு 14 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதியாக இருந்தது. ஆக, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 98 நாள் கழித்துத்தான் விமானம். 28 நாளிலேயே இரண்டாவது டோஸ் போடும் சலுகை படிப்புக்கும் வேலைக்கும் ஒலிம்பிக்குக்கும் போகிறவர்களுக்குத்தான் கிடைத்தது, சுற்றுலாவுக்கு இல்லை. மறுபக்கம், ஊசிக்குக் காலாவதியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரி 1 முதல் முதல் சுற்று ஊசியின் சான்றிதழை 270 நாளுக்குத்தான் ஏற்றது.

இனி பெயர். தமிழர்களுக்கென்றே ஏற்பட்ட தலைவலி இது. ஆதாரில் ‘ஆர். செந்தில்குமார்’. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் பெயர் ‘செந்தில்குமார்’, குடும்பப் பெயர் ‘ராமசாமி’. ஊசி போடும்போது ஆதாரைக் காட்டியதால் கோவின் சான்றிதழில் ‘செந்தில்குமார் ஆர்’. பரிசோதனை லேபில் போனில் பெயரைக் கேட்டவர் ‘செந்தில் குமார்’ என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பார். நம் கண்ணுக்கு நான்கும் ஒரே ஆள்தான். இனிஷியல் வழக்கமே இல்லாத நாட்டுக் குடிநுழைவு அதிகாரிக்கு இவை வெவ்வேறு ஆட்கள்.

சரிசெய்யும் வரிசை இது. பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கோவினில் பாஸ்போர்ட் எண்ணை இணைக்கவும் பெயரைத் திருத்தவும் வசதி இருந்தது. திருத்தத்துக்கு ஒரே வாய்ப்புதான் என்பதால் தட்டியதை இரண்டு பேர் படித்துப் பார்த்துவிட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். பிறந்த தேதி முழுதாக வருகிறதா என்றும் பாருங்கள். 2021 செப்டம்பர் கடைசி வரை கோவின் சான்றிதழில் முழுப் பிறந்த தேதி வராது. லேபுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டின் நகலையே கையில் கொடுங்கள், வாயால் பெயர் சொல்ல வேண்டாம்.

படி 4: பரிசோதனைக் கடிகாரம்

பணம் இருந்தும், ஊசி இருந்தும் கவுண்டரில் ஆட்கள் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு உதாரணத்தை மணி மணியாகப் பார்ப்போம்.

உங்கள் விமானம் ஞாயிறு அதிகாலை 1.15-க்கு. பேச்சுவழக்கில் நாம் இதைச் ‘சனிக்கிழமை ராத்திரி ஃப்ளைட்’ என்போம். கணக்கில் அது ஞாயிறு. விதி 48 மணி நேரம் என்றால் வெள்ளி அதிகாலை 1.15-க்கு முன் எடுத்த மாதிரி செல்லாது. வியாழன் மாலை ஆபீஸ் முடிந்து வரும் வழியில் மாதிரி கொடுத்தவர் ஏழெட்டு மணி நேரத்தில் கோட்டை விட்டார். சரியான நேரம் வெள்ளி காலை 7 முதல் 9 வரை. அன்று இரவுக்குள் முடிவு வந்தால், அதில் பாஸ்போர்ட் எண் தவறாக இருந்தாலும் சனி பகல் முழுக்கத் திருத்த நேரம் இருக்கும். சனி காலைதான் கொடுப்பேன் என்றால் முடிவு தாமதமாகும் அபாயம் உங்களுடையது.

48 மணி நேரம் எதிலிருந்து எதுவரை என்பதையும் பாருங்கள். மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, முடிவு அச்சான நேரத்திலிருந்தா? முதல் விமானம் கிளம்பும் வரையா, கடைசி விமானம் கிளம்பும் வரையா, அங்கே இறங்கும் வரையா? நாட்டுக்கு நாடு மாறும். தெளிவாக எழுதாத இடத்தில் உங்களுக்கு மிகப் பாதகமான பொருளையே எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

முடிவுத் தாளில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, மாதிரி எடுத்த தேதியும் நேரமும், முடிவு வந்த தேதியும் நேரமும், பரிசோதனை முறை, லேபின் அங்கீகார எண், க்யூஆர் குறியீடு. மாதிரி எடுத்த நேரம் இல்லாத தாள்தான் அதிகம் மாட்டுகிறது. வீட்டுக்கு வந்து மாதிரி எடுப்பவரிடம் நேரத்தை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 2021-இல் இன்னொரு தடை இருந்தது: 48 மணி நேரச் சோதனைக்கு மேல், விமானம் கிளம்பும் 6 மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே விரைவு பிசிஆர். 2022 பிப்ரவரியில்தான் நீக்கினார்கள். பெட்டியோடு நிற்கும்போது பாசிட்டிவ் வந்தால் அங்கிருந்தே வீட்டுக்கு. இந்த மாதிரி விதி உள்ள நாட்டுக்கு ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் போடக் கூடாது.

அண்மையில் தொற்று வந்து குணமானவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆர்டிபிசிஆர் சோதனை உயிரற்ற வைரஸின் மரபணுத் துணுக்கையும் பிடித்துவிடும். உடம்பு நன்றாக இருந்தும், யாருக்கும் பரப்பாத நிலையிலும் வாரக்கணக்கில், சிலருக்கு 90 நாள் வரைகூட, பாசிட்டிவ் காட்டலாம். குணமான சான்றிதழை ஏற்கும் நாடா, ஆன்டிஜென் சோதனை போதும் என்கிற நாடா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் மூன்று மாதம் தள்ளிப் போடுவதே மேல். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சொந்தச் செலவில் ஒரு முன்சோதனை செய்துகொண்டால் நிலைமை தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தைய 10 நாளில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதற்கும் போகாமல் இருப்பது எந்தச் சான்றிதழையும்விடப் பயன் தரும். குடும்பத்தில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தாலே எல்லோரும் நிற்க வேண்டும்.

படி 5: மூன்று பணப்பைகள்

வழக்கமாக நாம் ஒரே ஒரு தொகையைத்தான் கணக்குப் போடுவோம், பயணச் செலவு. தொற்றுக் காலத்தில் மூன்று வேண்டும்: பயணச் செலவு, ரத்தானால் மூழ்கும் பணம், மாட்டிக்கொண்டால் தேவைப்படும் பணம்.

நான்கு பேர் குடும்பத்துக்கு மூன்றாவது பையை மட்டும் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ளவை கணக்கு முறையைக் காட்ட வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் ஊரின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் ஆனவர் தனி அறையில் இருக்க வேண்டும் என்பதால் இரண்டு அறை, இரவுக்கு ₹7,000 வீதம் 10 இரவு: ₹1,40,000. சாப்பாடு, வெளியே போக முடியாமல் வரவழைத்துச் சாப்பிடுவது, ஆளுக்கு நாளுக்கு ₹1,000: ₹40,000. திரும்பும் டிக்கெட்டின் தேதி மாற்றமும் விலை வித்தியாசமும் ஆளுக்கு ₹12,000: ₹48,000. மறுசோதனைகள் எட்டு, ஒன்று ₹3,000: ₹24,000. மொத்தம் ₹2,52,000. மருத்துவமனைச் செலவும் சம்பள இழப்பும் இதில் சேரவில்லை.

பரிசோதனைகளின் எண்ணிக்கையையே தனியாக எண்ணுங்கள். 2021 டிசம்பர் நிலவரப்படி சிங்கப்பூர் போய் வந்த நான்கு பேருக்குக் கிளம்பும் முன் நான்கு, இறங்கியதும் நான்கு, திரும்பும் முன் நான்கு, இங்கே இறங்கியதும் நான்கு, எட்டாம் நாள் நான்கு என்று இருபது ஆகும். தினசரி ஆன்டிஜென் சோதனை தனி.

இரண்டாவது, மூன்றாவது பைகளின் கூட்டுத்தொகை நகையை அடகு வைக்காமல், கிரெடிட் கார்டில் தவணை போடாமல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தப் பயணம் இப்போது கட்டுப்படியாகாது. விலை மலிவாகக் கிடைக்கிறது என்பது இந்தக் கணக்கை மாற்றாது. தொற்றுக் காலத்தில் டிக்கெட்டும் ஹோட்டலும் மலிவாக இருப்பதற்குக் காரணமே அந்த அபாயத்தை உங்கள் பக்கம் தள்ளுவதுதான்.

ரீஃபண்ட் விஷயத்தில் ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். விமான நிறுவனம் தானே ரத்து செய்தால் பணம் கேட்க உரிமை உண்டு. 2020 ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளுக்குப் பணம் தராமல் ‘கிரெடிட் ஷெல்’ என்று வரவு வைத்ததை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊரடங்கின்போது முன்பதிவு செய்த டிக்கெட்டுகளுக்கு முழுப் பணமும் திருப்பித் தர வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. ஆனால் விமானம் பறக்கிறது, விதி மாறியதால் உங்களால் மட்டும் ஏற முடியவில்லை என்றால்? நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராமல்போன பயணி. பணம் அதிகம் மூழ்குவது இந்த நிலையில்தான். ஆகவே கட்டணமில்லாமல் தேதி மாற்றும் வசதியுள்ள டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு ஆகாது. ஹோட்டலில் ‘இலவச ரத்து’ என்றால் எந்தத் தேதி, எத்தனை மணி வரை என்று பாருங்கள். அது அந்த ஊர் நேரம். விசாக் கட்டணம் எப்படியும் திரும்பாது.

படி 6: இன்சூரன்ஸ் பத்திரத்தில் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

இங்கே வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு சாதாரணமாக வெளிநாட்டில் செல்லாது. 2020-இல் வந்த ‘கொரோனா கவச்’ பாலிசியும் உள்நாட்டுக்கானதுதான். பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். நாடுகளே குறைந்தபட்சத் தொகை வைத்திருந்தன: ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே விசா) எப்போதுமே 30,000 யூரோ, சிங்கப்பூர் விடிஎல்-லுக்கு 30,000 சிங்கப்பூர் டாலர், தாய்லாந்தின் ‘டெஸ்ட் அண்ட் கோ’ நுழைவுத் திட்டம் தொடங்கியபோது 50,000 அமெரிக்க டாலர். இந்தத் தொகை நுழைவதற்கான தகுதி மட்டுமே. பணம் கிடைக்குமா என்பது விலக்குகள் பட்டியலில் இருக்கிறது. ஏஜென்ட்டிடம் இவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள்:

- பெருந்தொற்று விலக்குப் பட்டியலில் இருக்கிறதா?
- அறிகுறி இல்லாமல் பாசிட்டிவ் வந்து ஹோட்டலில் தனிமைப்படுத்தினால் அறை வாடகை உண்டா? மருத்துவத் தேவை இல்லை என்று மறுப்பார்களா?
- எனக்கு நெகட்டிவ், பக்கத்து இருக்கைக்காரருக்குப் பாசிட்டிவ் என்பதால் என்னை அடைத்தால்?
- கிளம்பும் முன் பாசிட்டிவ் வந்தால் டிக்கெட்டும் ஹோட்டலும் ஈடாகுமா?
- பயண நாள் நீண்டால் பாலிசியும் தானாக நீளுமா?
- நம் அரசோ அந்த அரசோ பயண எச்சரிக்கை விடுத்த பிறகு போனால் செல்லுமா?

இரண்டாவது கேள்வியைச் சாதாரணமாக விடாதீர்கள். தாய்லாந்தில் பாசிட்டிவ் ஆனவர்களை ‘ஹாஸ்பிட்டெல்’ என்ற, ஹோட்டலை மருத்துவமனையாக மாற்றிய இடங்களில் வைத்தார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவருக்கும் மருத்துவமனை ரேட்டில் பில் வந்தது.

படி 7: எண்களை எப்படிப் பார்ப்பது

அந்த நாட்டில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதை மட்டும் பார்ப்பவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள். நம் ஊரின் எண்தான் மற்றவர்கள் நமக்குக் கதவைச் சாத்துவதைத் தீர்மானிக்கிறது. 2021 பிப்ரவரி தொடக்கத்தில் இந்தியாவில் ஒரு நாளைக்குச் சுமார் 11,000 பேர். மே 6-ஐ ஒட்டி 4.14 லட்சம். மூன்றே மாதம். நடுவில் ஏப்ரல் 22 முதல் கனடாவும் ஏப்ரல் 24 நள்ளிரவு முதல் அமீரகமும் இந்தியாவிலிருந்து வருவதை நிறுத்தின. பிப்ரவரியில் ‘முடிஞ்சு போச்சு’ என்று நம்பி மே விடுமுறைக்கு டிக்கெட் போட்டவர்கள் பலரின் திட்டமும் அதோடு மூழ்கியது.

ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் ஏழு நாள் சராசரியைப் பாருங்கள்; அது இரண்டு வாரம் தொடர்ந்து ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. பரிசோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவுகோல், இரண்டு வாரம் தொடர்ந்து 5 சதவீதத்துக்குக் கீழ். பரிசோதனையைக் குறைத்தாலே தொற்று எண்ணிக்கை குறைந்த மாதிரி தெரியும். இந்தச் சதவீதம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பும் ஊருக்குப் போகாதீர்கள். உங்களுக்கு இடம் கிடைக்காது என்பது ஒரு காரணம். கிடைத்தால் அது உள்ளூர்க்காரர் ஒருவருடைய இடம் என்பது இன்னொரு காரணம். படகில் ஏறித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியும் என்கிற சின்னத் தீவுக்கு இது இன்னும் பொருந்தும்.

கப்பல் பயணம் வேண்டவே வேண்டாம். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 712 பேருக்குத் தொற்று.

படி 8: நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை

60 நாள் முன்பு: படி 1 முதல் 3 வரை. பெயர்த் திருத்தம், ஊசி நாள் கணக்கு, பாஸ்போர்ட்டில் ஆறு மாதச் செல்லுபடி. மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட், ரத்து செய்யக்கூடிய ஹோட்டல்.

21 நாள் முன்பு: நான்கு வாசல் தாளைப் புதிதாக எழுதுங்கள். பழையதைத் திருத்தாமல் வெறும் தாளில் முதலிலிருந்து எழுதினால்தான் மாறியது கண்ணில் படும். இரண்டு ஊர்களில் எதிலாவது சராசரி ஏறுமுகம் என்றால், புதிய திரிபு பற்றி அறிவிப்பு வந்திருந்தால், இன்றே தள்ளிப் போடுங்கள். கதவை அடைக்க அரசாங்கங்களுக்கு இரண்டு நாள் போதும்.

7 நாள் முன்பு: முன்சோதனை, இன்சூரன்ஸ், திரும்பும் சோதனைக்கு அங்குள்ள லேபில் நேரம். மருந்து: பயண நாளோடு 14 நாள் சேர்த்து, டாக்டரிடம் மருந்தின் பொதுப் பெயர் எழுதிய சீட்டோடு, கைப்பையில். இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்றவை அமீரகத்தில் கட்டுப்பாடுள்ளவை என்பதால் முன் அனுமதியைப் பாருங்கள்.

2 நாள் முன்பு: மாதிரி, முடிவு, அதன் அச்சுப்பிரதி இரண்டு. போனில் சார்ஜ் இறங்கினால் க்யூஆர் குறியீடும் இறங்கும்.

கிளம்பும் நாள்: யாருக்காவது தொண்டை கரகரப்போ உடம்புச் சூடோ இருந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வெப்பமானியைத் தாண்டுவது சாமர்த்தியம் அல்ல. முகக்கவசம் கழற்றிச் சாப்பிடும் நேரத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு கைக்குழந்தையோ கீமோ முடித்து ஊர் திரும்புகிறவரோ இருக்கலாம். முந்தைய நாள் சோதனை நெகட்டிவ் என்றாலும் வீட்டிலேயே இருங்கள்.

திரும்பி வந்த நாள்: அரசு தனிமைப்படுத்தச் சொல்லாவிட்டாலும் ஏழு நாளுக்கு வீட்டுப் பெரியவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். தனி அறை, தனித் தட்டு டம்ளர், ஜன்னல் திறந்தபடி. ஐந்தாம் நாள் ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டு, வாங்கி வந்த சாக்லேட்டை ஏழு நாள் முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.